மச்சான் கேட்காத சாமான்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு இன்ஜின் கொட்டாய் இருக்கிறது. முன்பு அதில் ஆயில் இன்ஜின் இருந்தது. பிறகு கரண்ட் மோட்டார் வந்தது. அப்புறம் மோட்டாரும் போர்வெல்லுக்குள் இறங்கிவிட்டது. கொட்டாய் காலியாக நின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. மேலே ஷீட். ஒழுகாது. வீட்டிலிருந்து கூப்பிட்டால் காதில் விழும். விழாத மாதிரியும் இருந்துகொள்ளலாம். அது பெரிய வசதி.

அதில் ஒரு ஒர்க் ஷாப் போட எனக்கு ஆசை. பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மேஜை, கொஞ்சம் சாமான். மண்வெட்டிக்குக் காம்பு போட வேண்டும், கட்டில் காலைச் சரி பண்ண வேண்டும், கீல் மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் ரிஷிவந்தியத்திலிருந்து ஆசாரி வர வேண்டும். அவர் "தோ வரேன்" என்று சொல்லி இரண்டு பொங்கல் போய்விட்டது.

என் மனைவிக்கும் அதே கொட்டாய் மேல் ஆசை. அவளுக்கு நாலு ஆடு. அதில் ஒன்று சினை. போன வருஷம் மழையில் நனைந்து ஒரு குட்டி செத்துப்போனது. அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதை நான் வெளியே சொல்லவில்லை.

"ஆடு நனையுதுன்னு ஓநாய் கூட அழுவுதாம். நீங்க அதுக்கும் அழுவ மாட்டீங்க" என்றாள்.

"ஆட்டுக்கு வேற எடம் பாக்கலாம்."

"நீங்க வேற எடம் பாருங்க. உங்களுக்கு எதுக்கு ஒர்க் ஷாப்பு? வூட்ல நீங்க அடிச்ச ஆணி எல்லாம் தலைய தொங்கப் போட்டுக்கினு இருக்குது."

"ஆணி சரியில்ல."

"ஆணி சரியில்ல. செவுரு சரியில்ல. சுத்தி சரியில்ல. அடிச்ச ஆளு மட்டும் ரொம்ப சரி."

எங்கள் குளியலறைக்கு அப்போது கதவு இல்லை. பழைய கதவு உளுத்து விழுந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு கல்யாண பிளக்ஸ் தொங்கியது. மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டே கும்பிடுகிற படம். முதலில் படம் உள்பக்கம் பார்த்து இருந்தது. மாப்பிள்ளை உற்றுப் பார்க்கிறான், குளிக்க முடியவில்லை என்றாள் மனைவி. வெளிப்பக்கம் திருப்பிக் கட்டினேன். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் குளியலறையைப் பார்த்து "யாருக்கு கல்யாணம்?" என்று கேட்டார்கள்.

அந்தக் கதவை வைத்துத்தான் ஒப்பந்தம் போட்டாள்.

"மலைப்பக்கம் இருட்டிக்கினு ஒரு பெரிய மழ வரும் பாருங்க. அதுக்குள்ள இதுக்கு ஒரு கதவு செஞ்சி மாட்டுங்க. ஒரு வெரலால தள்ளினா தொறக்கணும். மாட்டிட்டா கொட்டா உங்களுது. மழ வந்து கதவு வரலன்னா ஆட்ட உள்ள கட்டிடுவேன். அப்பறம் ஒரு வார்த்த பேசக்கூடாது."

ஆவணி கடைசி. கல்வராயன் மலைப்பக்கம் வானம் வெளுத்துக் கிடந்தது. சரி என்றேன்.

மறுநாள் சங்கராபுரம் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. கடைக்கார பாயை ஆயில் இன்ஜின் காலத்திலிருந்து தெரியும்.

"ஒர்க் ஷாப்பு போடறேன் பாய். அதுக்கு வேண்டியதெல்லாம் குடுங்க."

ஹார்டுவேர் கடையில் சொல்லக்கூடாத வார்த்தை அதுதான். பாய் நாற்காலியை விட்டு எழுந்தார். அத்தனை வருஷத்தில் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

"டீ சொல்லட்டா?" என்றார்.

டீ வந்தது. கூடவே ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. திறந்தார். உள்ளே அடுக்கடுக்காகப் பளபள என்று சாமான். ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் படுத்திருந்தது.

"இது இன்னாத்துக்கு பாய்?"

"எல்லாத்துக்கும்."

வாங்கிவந்துவிட்டேன். மனைவி திறந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இத்தினி பல்லு இருக்குது. கடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லியே" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நானும் சரியாகப் பார்த்தேன். எல்லாம் கார் பிரிக்கிற சாமான். எங்களிடம் கார் இல்லை. அக்கம் பக்கத்திலும் இல்லை. ஒரு சுத்தி இருந்தது. அதை வைத்துப் பொட்டுக்கடலை உடைக்கலாம்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன்.

"புடிக்கலியா?" என்றார் பாய்.

"வூட்ல புடிக்கல."

"அவங்கள கேட்டுக்கினு வந்திருந்தா ஒரு டீ மிச்சம் ஆயிருக்கும்ல?"

ஆனாலும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். இந்தத் தடவை நான் யோசித்து வந்திருந்தேன். யோசிக்க வைத்தது மனைவி. வீட்டில் இருபது லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்று காலியாக இருந்தது. கிளம்பும்போது அதைத் தூக்கிக் கையில் கொடுத்தாள். "இதுல அடங்கறதுதான் உங்க ஒர்க் ஷாப்பு. அடங்காதது கடையிலயே இருக்கட்டும்."

நல்ல அளவுதான். கடையில் எதைப் பார்த்தாலும் கை நீளும். டப்பாவைப் பார்த்தால் கை திரும்பிவிடும்.

சுத்தி எடுத்தேன். ஒரு பக்கம் ஆணி பிடுங்குகிற சுத்தி. தலை கனமாக இருக்க வேண்டும், காம்பு கைக்குள் அடங்க வேண்டும். கட்டிங் பிளேயர் எடுத்தேன். கை ரம்பம், ஐந்து மீட்டர் டேப், உளி இரண்டு, திருப்புளி, அரம். மூலை சரிபார்க்க ஒரு மூலமட்டம். டிரில் மிஷின் ஒன்று, ஒயர் நீளமானதாக. இழைப்புளி வைத்துப் பார்த்தேன், டப்பா கொஞ்சம் முக்கியது, எடுத்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாய் நிறுத்த விடவில்லை. கண்ணாடி அறுக்கிற பேனா ஒன்று காட்டினார். பசை பீய்ச்சுகிற துப்பாக்கி காட்டினார். சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ரசமட்டம் ஒன்றைத் தட்டிவிட்டு எதிர்ச் சுவரில் கோடு போட்டுக் காட்டினார். எதிர்க்கடைக்காரர் திடுக்கிட்டார். எனக்குப் பிடித்துவிட்டது. மூன்றும் டப்பாவுக்குள் போயின. சின்னச் சின்னச் சாமான்தானே.

ஒரு வைஸும் வாங்கினேன். மரத்தை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிறது. பத்துக் கிலோ இருக்கும். டப்பாவில் அடங்காது. அதனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொட்டாய்க்குள் ஒரு மேஜை செய்து, வைஸை அதில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டேன்.

"இது டப்பாவுல அடங்காதே" என்றாள் மனைவி.

"இது மேஜை" என்றேன்.

என் மனைவியின் அண்ணன் மூன்று வீடு தள்ளி இருக்கிறார். டிராக்டர் வைத்திருக்கிறார். நல்ல மனிதர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக நிற்பார். ஒரே ஒரு பழக்கம். வாங்கினால் திருப்பித் தர மாட்டார். மறதி என்று சொல்ல முடியாது. எதை, எந்தக் கிழமை, என்னத்துக்கு வாங்கினார் என்பதெல்லாம் அவருக்கு நினைவில் இருக்கும். கொடுக்க மட்டும் மாட்டார்.

ஒர்க் ஷாப் போட்ட மூன்றாம் நாள் வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"சந்தோசம் மாப்ள. நம்ம குடும்பத்துலயே ஒரு ஒர்க் ஷாப்பு. ஒரு சுத்தி குடு."

கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கட்டிங் பிளேயர். அந்த வாரக் கடைசியில் டேப். நான் கதவுக்கு நாலு வேப்பம் பலகை அறுத்து முடித்த அன்றைக்கு ரம்பத்துக்கு வந்தார்.

"குறுக்குப் பட்டி இன்னும் அறுக்கணும் மச்சான்."

"நாளைக்கி தந்துடறேன்."

"சுத்திக்கும் அப்டிதான் சொன்னீங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "பொண்ணயே குடுத்தேன். ஒரு ரம்பம் குடுக்க மாட்டியா?"

"பொண்ணு குடுத்தீங்க. இல்லன்னு சொல்லல."

"குடுத்தத நான் இத்தினி வருசத்துல ஒரு வாட்டி திருப்பிக் கேட்டனா? நீ மட்டும் கேக்கற பாரு."

வீட்டுக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். ரம்பம் போனது.

உளி போனது. மூலமட்டம் போனது. டிரில் மிஷின் ஒயரோடு போனது. ஒரு நாள் வைஸைச் சுற்றி வந்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. கழற்ற ஸ்பேனர் கேட்டார். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை, முடுக்கினதே இரவல் ஸ்பேனரில்.

"அப்ப மேஜையோட குடு" என்றார்.

மேஜை கொட்டாய் வாசலை விட அகலம். உள்ளே வைத்துத்தான் செய்திருந்தேன். அன்றைக்கு அது என் புத்திசாலித்தனம் மாதிரித் தெரிந்தது. உண்மையில் வாசலை அளக்க மறந்துவிட்டேன்.

புரட்டாசி பாதியில் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். திருப்புளி ஒன்று இருந்தது. அரம் இருந்தது. இழைப்புளி இருந்தது, அவருக்கு இழைக்கத் தெரியாது. அப்புறம் கண்ணாடிப் பேனா, பசைத் துப்பாக்கி, சிவப்பு வெளிச்ச ரசமட்டம். இந்த மூன்றை மச்சான் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. கையில் எடுத்துப் பார்த்தார், வைத்துவிட்டார். யோசித்தேன். நானும் ஒரு தடவை கூட அவற்றைத் தொடவில்லை.

அப்போது ஒன்று புரிந்தது. ஒரு வீட்டு ஒர்க் ஷாப்புக்கு எது தேவை என்று கடைக்காரரைக் கேட்கக்கூடாது. மச்சானைக் கேட்க வேண்டும். அவர் கேட்பது தேவை. அவர் கேட்காதது தண்டம்.

அந்த மூன்றையும் பாயிடம் கொண்டுபோய், கதவுக்குக் கீலும் தாழ்ப்பாளும் ஸ்குருவும் மாற்றிக்கொண்டேன். காரணத்தைச் சொன்னேன். பாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"உங்க மச்சான ஒரு நாள் கடைக்கி இட்டுக்கினு வாங்க. நான் எந்த சரக்கு ஜாஸ்தி வாங்கணும், எது கம்மியா வாங்கணும்னு கேட்டுக்கறேன்."

பிறகு அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். எதையாவது வாங்க ஆசை வந்தால் முதலில் டீக்கடையில் மச்சான் காதில் போடுவேன்.

"கிரைண்டிங் மிஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் மச்சான்."

"எப்ப வாங்கற?" என்று கேட்டார். வாங்கலாம்.

"ஸ்பிரே மிஷின் ஒண்ணு வாங்கலாம்னு."

"அது இன்னாத்துக்கு?" என்றார். வேண்டாம்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கதவு நகரவில்லை. நாலு பலகை சுவரில் சாய்ந்து நின்றது. அதைச் சேர்க்க வேண்டிய சாமான் எல்லாம் மச்சான் வீட்டில். போய்க் கேட்டால் காபி கொடுப்பார்கள். சாமான் நாளைக்கு. சினை ஆடு நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டு வந்தது. மனைவி தினமும் சாயங்காலம் மலைப்பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருவரும் வேறு வேறு வேண்டுதலோடு பார்த்தோம்.

ஆயுத பூஜை வந்தது. அன்று காலை வெயில் ஒரு மாதிரி புழுங்கியது. இன்று மழை வரும் என்று தெரிந்துவிட்டது. குறுக்குப் பட்டி அறுத்து, ஓட்டை போட்டு, முடுக்கி மாட்ட அரை நாள் போதும். இன்று சாமானை வாங்காமல் வரக்கூடாது என்று முடிவு பண்ணி மச்சான் வீட்டுக்குப் போனேன்.

லேட்.

டிராக்டரைக் கழுவி வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் நீளமாக இலை. இலை மேல் வரிசையாக என் சுத்தி, என் ரம்பம், என் டிரில் மிஷின், என் உளி, என் டேப். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். டேப்புக்குக் கூடப் பூ வைத்திருந்தார்கள். அவ்வளவு சுத்தமாக அவற்றை நான் கடையில்கூடப் பார்க்கவில்லை. கற்பூரம் அப்போதுதான் அணைந்து புகைந்தது.

மச்சான் மனைவி தட்டோடு வந்தாள். "வாங்கண்ணா. பொரி எடுத்துக்குங்க."

"தங்கச்சி, அந்த சாமான் என்னுது. இன்னிக்கி அவசரமா வேல இருக்குது."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, படைச்சாச்சுங்களே. இனிமே நாளைக்கி காலையிலதான் எடுக்கணும்."

அதற்கு மேல் பேச முடியாது. படைத்த ஆயுதத்தை அன்றைக்கு எங்கள் பக்கம் யாரும் தொட மாட்டார்கள். கறிகாய் அரிகிற அரிவாள்மணையைக்கூடத் தொடாமல் முந்தின நாளே நறுக்கி வைத்துக்கொள்வார்கள்.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எப்படி இருக்குது பூஜ? உன் சாமானுக்கு நீ கூட இவ்ளோ நல்லா போட்டிருக்க மாட்ட."

"என் வூட்ல இருந்திருந்தா போட்டிருப்பேன் மச்சான்."

"எந்த வூட்ல இருந்தா இன்னா? சாமி ஒண்ணுதான்."

ஒரு பை நிறையப் பொரி கொடுத்து அனுப்பினார்.

திரும்பி நடந்தேன். மலைப்பக்கம் மை பூசின மாதிரி இருந்தது. வீட்டு வாசலில் மனைவி நின்றாள். கையில் ஆட்டுக் கயிறு. விருந்தாளியை எதிர்பார்க்கிற மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, வெறுங்கையா வரீங்க?"

"பொரி இருக்குது" என்றேன்.

நடக்கும்போதே ஒரு யோசனை வந்திருந்தது. பெருமைப்படுகிற யோசனை இல்லை. நேராகக் கொட்டாய்க்குப் போனேன். கூட்டினேன். தண்ணீர் தெளித்தேன். வைஸைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். நடுவில் வாழையிலை போட்டேன். மிச்சம் இருந்த திருப்புளி, அரம், இழைப்புளி மூன்றையும் அதில் வைத்தேன். மச்சான் கொடுத்த பொரியைக் கொட்டினேன். இரண்டு வாழைப்பழம். வாசலில் மாவிலை. கற்பூரம் ஏற்றி மணி அடித்தேன். வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி அடித்தேன்.

மனைவி வந்தாள். "இன்னா இது?"

"ஆயுத பூஜ. நாளைக்கி வரைக்கும் எடுக்கக்கூடாது. உங்க அண்ணி கூட சொன்னாங்க."

இலையைப் பார்த்தாள். அதில் கிடந்த ஒற்றைத் திருப்புளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பூஜை நடக்கிற இடத்தில் ஆட்டைக் கொண்டுவந்து கட்ட முடியாது. அவளுக்கும் தெரியும். கற்பூரத்தை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"சாமியயும் கூட்டு சேத்துக்கினீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு மழை இறங்கியது. சாரல் இல்லை, தூறல் இல்லை. எடுத்த எடுப்பில் கொட்டியது. மூன்று ஆட்டை அவள் தாழ்வாரத்தில் ஒண்டவைத்துவிட்டாள். சினை ஆட்டுக்கு அங்கே இடம் இல்லை. வேப்பமரத்தடியில் அதன் முதுகில் சாக்கைப் போர்த்திப் பிடித்துக்கொண்டு அவளும் நனைந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கொட்டாய்ப் பக்கமே திரும்பாமல் ஆட்டின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கொட்டாய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தேன். போன வருஷத்துக் குட்டி ஞாபகம் வந்தது. கூப்பிட நினைத்தேன். கொஞ்சம் நகர்ந்து நின்றேன். நான் செய்தது அவ்வளவுதான்.

ஆட்டுக்கு அது போதும். ஒரே இழுப்பு. கயிறு அவள் கையை விட்டுப் போனது. நேராக உள்ளே வந்தது. முதலில் மாவிலையைத் தின்றது. அப்புறம் பொரி. அப்புறம் பழம், தோலோடு. கடைசியில் வாழையிலை. வைஸில் இருந்த சந்தனத்தை நக்கிப் பார்த்தது. மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மனைவி ஓடி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "நான் கட்டல. அதுவா வந்துது" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல."

மழை விடுவதற்குள் இரண்டு குட்டி. முதல் குட்டி சுலபமாக வந்தது. இரண்டாவதுக்கு அவள் கை கொடுக்க வேண்டியிருந்தது. நான் சாக்கால் துடைத்தேன். சாரல் அடித்த பக்கத்துக்கு மறைப்பு வேண்டும் என்றாள். குளியலறை பிளக்ஸை அவிழ்த்து வந்து கட்டினேன்.

இரண்டு குட்டியும் எழுந்து நின்ற பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். முகம் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்தாள்.

"மழ வந்துடுச்சி. கதவு எங்க?"

பலகையைக் காட்டினேன்.

"ஒரு வெரலால தள்ளினா அது தொறக்குமா?"

"விழும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் தோற்றது தோற்றதுதான். கொட்டாய் ஆட்டுக்கு. ஒரு மூலை மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி பாவனை பண்ணினாள்.

"மேஜ வெளிய போவாது. அதனால இருக்கட்டும். டப்பாவ மேல மாட்டிக்குங்க. ஆடு நக்கும்."

மறுநாள் காலை மச்சான் குட்டி பார்க்க வந்தார். குட்டி போட்ட வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறாள். அதனால் என் சாமான்களையே ஒரு சாக்கில் போட்டுச் சீர் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாவற்றிலும் குங்குமம் அப்படியே இருந்தது.

"எங்க மாப்ள குட்டி?" என்று குனிந்து உள்ளே வந்தார்.

தாய் ஆடு எழுந்தது. இரண்டடி பின்னால் போனது. பிறகு முன்னால் வந்தது. மச்சான் தொடையில் சரியாக இறங்கியது. சாக்கு உள்ளே விழுந்தது. மச்சான் வெளியே இருந்தார்.

கதவை ஐந்து நாளில் முடித்தேன். மனைவி சுண்டு விரலால் தள்ளினாள். திறந்தது. மறுபடி தள்ளினாள். மூடியது. "தொறக்குது" என்றாள். கொஞ்சம் கழித்து, "லேட்டு" என்றாள்.

குட்டிகள் இப்போது மேஜை மேல் ஏறுகின்றன. நான் இழைக்கும்போது சீவலைத் தின்னப் பார்க்கின்றன. தாய் ஆடு என்னை ஒன்றும் செய்வதில்லை. மனைவியை ஒன்றும் செய்வதில்லை. மச்சான் குரல் கேட்டால் மட்டும் அசைபோடுவதை நிறுத்திவிடும். டப்பாவில் சாமான் எல்லாம் இருக்கிறது. ஒன்றும் குறையவில்லை.

போன வாரமும் வந்தார். வாசலுக்கு நாலடி தள்ளி நின்றார்.

"மாப்ள, அந்த டிரில்ல கொஞ்சம் வெளிய குடு."

"உள்ள வாங்க மச்சான். வந்து எடுத்துக்குங்க. நானா வேணாங்கறேன்?"

"ஆட்ட புடி."

"கை வேலையா இருக்குதே."

நின்றார். ஆடும் எழுந்து நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் திருப்புளியை எடுத்து, முடுக்கிய ஸ்குருவையே மறுபடி முடுக்கினேன்.

"சங்கராபுரத்துல அந்த பாய் கட எத்தினி மணி வரைக்கும் இருக்கும்?" என்று கேட்டார் மச்சான்.